ஆங்கிலக் ‘கெட்’டும் தமிழ்க் ‘கிட்டு’வும் உறவா? ஒரு வினைச்சொல்லுக்கு எப்படி இத்தனை பொருள்?

கேள்வி கடலூரிலிருந்து வந்திருக்கிறது. மகள் புதுச்சேரியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், இரண்டாம் மொழி பிரெஞ்சு. ‘கெட்’ என்றால் ‘பெறு’ என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ‘கெட் அப்’, ‘கெட் வெட்’, ‘கெட் மேரீட்’, ‘ஹேவ் காட் டு’ எதிலும் பெறுவதற்கு ஒரு பொருளும் இல்லையே, இவற்றுக்கெல்லாம் பொதுவான அடிப்படை உண்டா, உருப்போட வேண்டியதுதானா என்று கேட்கிறார். கூடவே, வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்தி: ஆங்கில ‘கெட்’ நம் ‘கிட்டு’விலிருந்து போனதாம். அது உண்மையா? கடைசியாக ஒரு வாக்கியத்தைக் கொடுத்துப் பிரித்துக் காட்டச் சொல்கிறார்: ‘ஐ ஹேவ் காட் டு கெட் கோயிங்’. ஆக, சொல் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, இன்று எப்படி வேலை செய்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் கலந்தால்தான் குழப்பம் வருகிறது. வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தேர்வுக்கு மட்டும் வேண்டும் என்பவர்கள் பின்பாதிக்குப் போய்விடலாம்.

‘கெட்’ இன்றைய வடிவில் ஆங்கிலேயரின் சொந்தச் சரக்கு அல்ல. 9ஆம் நூற்றாண்டில் டென்மார்க், நார்வே பக்கமிருந்து வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். 865இல் அவர்களுடைய பெரும்படை வந்திறங்கியது. 1016இல் கனூட் என்ற டேனிஷ்காரர் இங்கிலாந்துக்கே அரசரானார். கொள்ளையடிக்க வந்தவர்களில் பலர் அங்கேயே நிலம் உழுது, பெண்ணெடுத்து, அக்கம்பக்கத்தாராக ஆகிவிட்டார்கள். அதனால்தான் அவர்களிடமிருந்து வந்த சொற்கள் அரண்மனைச் சொற்களாக இல்லாமல் அன்றாடச் சொற்களாக இருக்கின்றன: ‘டேக்’, ‘கால்’, ‘வாண்ட்’, ‘எக்’, ‘ஸ்கை’, ‘விண்டோ’, ‘ஹஸ்பண்ட்’. ‘தே’, ‘தெம்’ என்ற பிரதிப்பெயர்கள்கூட அங்கிருந்து வந்தவை. ‘கெட்’டும் இந்தக் கூட்டத்தில் ஒன்று. அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் அது ‘கெட்டா’. அடை, பிள்ளை பெறு, ஊகி என்று அப்போதே அதற்குப் பல பொருள். ஆங்கில எழுத்தில் 1200ஐ ஒட்டித் தென்படத் தொடங்குகிறது.

அதற்கு முன்பும் இதே வேர் பழைய ஆங்கிலத்தில் இருந்தது, ஆனால் முன்னொட்டோடு சேர்ந்துதான் பெரும்பாலும் நடமாடியது. ‘பெயெட்டன்’ என்றால் அடை. ‘ஃபோர்யெட்டன்’ என்றால் மற. ‘ஒன்யெட்டன்’ என்றால் உணர், புரிந்துகொள். முதலிரண்டும் இன்றைய ‘பிகெட்’, ‘ஃபர்கெட்’. மூன்றாவது வழக்கொழிந்துவிட்டது. ‘ஃபர்’ என்ற முன்னொட்டு இழப்பைக் குறிக்கும். பிடியிலிருந்து நழுவியதுதான் ‘ஃபர்கெட்’. இந்தப் பழைய வடிவங்களில் நடுவே ‘ய’ ஒலித்ததைக் கவனியுங்கள். 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் எழுதிய ஆங்கிலத்திலும் ‘மற’ என்பதற்கு ‘ய’ போட்ட வடிவம்தான். இன்று ‘க’ ஒலிப்பது நார்ஸ்காரர்களின் உச்சரிப்பு வென்றதால். முட்டைக்கும் இதே கதை: வடக்கே ‘எக்’, தெற்கே ‘எய்’, அதன் பன்மை ‘எய்ரென்’. இங்கிலாந்தில் முதல் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டன் 1490இல் ஒரு முன்னுரையில் எழுதிய சம்பவம் இதற்கு நல்ல சாட்சி. காற்றுக்காகக் கப்பலில் காத்திருந்த வணிகர் ஒருவர் கரையேறி ஒரு வீட்டில் ‘எக்’ கேட்கிறார். அந்த வீட்டம்மா தனக்கு பிரெஞ்சு தெரியாது என்கிறார். கோபம் வந்த வணிகருக்கும் பிரெஞ்சு தெரியாது! கூட வந்த இன்னொருவர் ‘எய்ரென்’ என்ற பிறகுதான் புரிகிறது.

இதற்குக் கீழே தோண்டினால் சான்றின் தன்மை மாறிவிடும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் பைபிளை, ஆங்கிலத்துக்கு உறவான கோத்திக் மொழியில் ஆக்கினார். அதில் ‘பிகிட்டன்’ என்றால் ‘கண்டடை’. அதுவரை எழுத்தில் இருக்கிறது. அதற்கும் முந்தைய வேர், ஆங்கிலம், லத்தீன், வடமொழி எல்லாவற்றுக்கும் மூதாதையான இந்தோ-ஐரோப்பிய மொழியின் வேர். அதை யாரும் எழுதிவைக்கவில்லை. கிளைமொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்தது அது. வடமொழியின் நான்காவது ‘க’ போல மூச்சு கலந்து தொடங்கி, ‘பந்து’ என்பதில் வரும் மெல்லிய ‘த’வில் முடியும் ஒரு வேர், பொருள் ‘பற்று, கையால் பிடி’. ஊகம்தானே என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் ஒலிமாற்றம் ஒழுங்காக நடக்கிறது. அந்த மூச்சுள்ள ‘க’, ஆங்கிலம், நார்ஸ், கோத்திக் சேர்ந்த ஜெர்மானிய மொழிகளில் மூச்சை இழந்து ‘க’ ஆகும், லத்தீனில் ‘ஹ’ ஆகும். ‘கெஸ்ட்’டும் ‘ஹோட்ட’லும் ஒரே வேர் என்பது இந்த விதியால்தான், ‘கார்ட’னும் ‘ஹார்ட்டிகல்ச்ச’ரும் அப்படியே. மெல்லிய ‘த’ லத்தீனில் அப்படியே நிற்கும், ஆங்கிலத்தில் ‘ட’ ஆகும். உங்கள் மகளின் பிரெஞ்சுப் புத்தகத்திலேயே பார்க்கலாம்: பத்துக்கு ‘தீஸ்’, ஆங்கிலத்தில் ‘டென்’, பல்லுக்கு ‘தாந்’, ஆங்கிலத்தில் ‘டூத்’.

இந்த இரண்டு விதியையும் ‘கெட்’டுக்குப் போட்டால் லத்தீனில் ‘ஹ’வில் தொடங்கி ‘த’வில் முடியும் ஒரு சொல் கிடைக்க வேண்டும். கிடைக்கிறது. நடுவில் ஒரு மூக்கொலி நுழைந்து, முன்னொட்டும் சேர்ந்து, ‘ப்ரெஹெந்தெரெ’. அது தேய்ந்துதான் பிரெஞ்சில் ‘ப்ராந்த்ர்’, அதாவது எடு, பிடி. அதே வீட்டுப் பிள்ளைகள் ‘கோம்ப்ராந்த்ர்’ (புரிந்துகொள்), ‘அப்ராந்த்ர்’ (கற்றுக்கொள்). பிரெஞ்சு, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குள் திரும்பி வந்த உறவினர்களும் உண்டு: ‘சர்ப்ரைஸ்’, ‘எண்டர்பிரைஸ்’, ‘அப்ரண்டிஸ்’, ‘ப்ரிசன்’, கேள்வித்தாளில் வரும் ‘காம்ப்ரிஹென்ஷன்’. புதுச்சேரி வகுப்பறையில் பிரெஞ்சுப் பாடத்தில் ஒன்றும் ஆங்கிலப் பாடத்தில் ஒன்றுமாக உட்கார்ந்திருக்கும் ‘ப்ராந்த்ர்’ரும் ‘கெட்’டும் ஒன்றுவிட்ட உறவு. முகத்தைப் பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இனி ‘கிட்டு’. உறவில்லை. ஒலியும் பொருளும் ஒத்திருப்பது தற்செயல். என் படிப்பு ஆங்கில மொழி வரலாற்றில்தான், திராவிடச் சொற்பிறப்பில் அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டே பேசுகிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு அது போதும். இரண்டு சொற்களை ஒப்பிடும்போது இன்றைய வடிவங்களை வைத்து ஒப்பிடக் கூடாது, இரண்டின் மிகப் பழைய வடிவத்தையும் எடுக்க வேண்டும். ‘கெட்’டின் இறுதி ‘ட’ முன்பு ‘த’வாக இருந்தது, முதல் ஒலியும் வேறு. பின்னோக்கிப் போகப் போக அது ‘கிட்டு’வை விட்டு விலகிப் போகிறது. ‘கிட்டு’வின் அடிப்படைப் பொருளும் வேறு திசை. ‘கிட்ட வா’, ‘கிட்டத்தட்ட’, ‘அவன்கிட்ட’ எல்லாம் அருகாமை. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியிலும் (முதற்பதிப்பு 1961, திருத்தியது 1984) ‘நெருங்கு’ என்பது அதன் பொருள்களில் முன்னே நிற்கிறது. மலையாளத்தில் ‘கிட்டி’ என்றால் கிடைத்தது. அதாவது பொருள் என்னை நெருங்கி வருகிறது. ‘எனக்குக் கிட்டியது’ என்று நான் நான்காம் வேற்றுமையில் சும்மா நிற்கிறேன். ‘கெட்’டிலோ நான் எழுவாய், கையை நீட்டிப் பற்றுகிறவன் நான்தான்.

வழியும் பார்க்க வேண்டும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு நிஜமாகவே போன சொற்கள் உண்டு: கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனது, சுருட்டு ‘செரூட்’ ஆனது, மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆனது. இவையெல்லாம் 17ஆம் நூற்றாண்டு தொடங்கி, கம்பெனிக்காரர்களும் மாலுமிகளும் இந்தக் கரைக்கு வந்த பிறகு அவர்கள் எழுத்தில் ஏறியவை. பெரும்பாலும் அவர்கள் ஊரில் இல்லாத பொருள்களின் பெயர்கள். கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி வாங்கியது 1690இல். அதற்கு ஏறக்குறைய 500 ஆண்டுகள் முன்பே ‘கெட்’ இங்கிலாந்து கிராமங்களில் புழங்கிக்கொண்டிருந்தது. கோத்திக் வடிவத்தைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் பெரிது.

ஒலியும் பொருளும் ஒரே நேரத்தில் ஒத்துப்போவது அவ்வளவு எளிதில் நடக்குமா என்று கேட்பீர்கள். ஐரோப்பிய மொழிகளுக்குள்ளேயே நடக்கிறது. லத்தீனில் ‘ஹபேரே’ என்றால் வைத்திரு. பிரெஞ்சு ‘அவ்வார்’ அதிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் ‘ஹேவ்’. எழுத்து, பொருள் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஆனாலும் உறவில்லை. ஆங்கில ‘ஹ’வுக்கு லத்தீனில் ‘க’ தான் ஈடு: ‘ஹார்’னுக்கு ‘கோர்னு’, ‘ஹண்ட்ர’டுக்கு ‘கெண்டும்’. அதன்படி ‘ஹேவ்’வின் உண்மையான உறவு ‘பிடி’ என்ற பொருளுள்ள ‘கபெரெ’. ‘கேப்சர்’, ‘கேப்டிவ்’ எல்லாம் அந்த வழி. சாயலை வைத்து உறவு சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் தமிழில் ‘கெட்’டோடு ஒப்பிட வேண்டிய சொல் ஒன்று இருக்கிறது, அதை அந்த வாட்ஸ்அப் செய்தி கவனிக்கவில்லை. அது ‘பெறு’. ஒலியில் ஒற்றுமை துளியும் கிடையாது, நடந்துவந்த பாதை மட்டும் அப்படியே ஒத்துப்போகிறது. பரிசு பெற்றான், பிள்ளை பெற்றாள். பெற்றோர் என்ற சொல்லே அதிலிருந்துதான். நார்ஸ் ‘கெட்டா’வுக்கும் இதே இரண்டு பொருள். 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளின் வம்சவரலாற்றில் ‘பிகேட்’ என்று வரும் இடங்களில் தமிழ்ப் பைபிள் ‘பெற்றான்’ என்கிறது. (குதிரைப் பண்ணைகளில் ஒரு குதிரையின் குட்டிகளை மொத்தமாக ‘கெட்’ என்பார்கள். பிரிட்டனில் திட்டுவதற்குப் பயன்படும் ‘கிட்’டும் இதன் திரிபுதான்.) அடுத்து, ‘அழைக்கப்பெற்றார்’, ‘நிச்சயிக்கப்பெற்று’ என்று கல்யாணப் பத்திரிகைத் தமிழில் ‘பெறு’ செயப்பாட்டுவினை ஆகிறது, ஆங்கிலத்தில் ‘காட் இன்வைட்டட்’. ‘காணப்பெற்றேன்’ என்று பழைய நடையில் சொன்னால் காணும் பேறு கிடைத்தது என்று பொருள். ஆங்கிலத்தில் ‘ஐ காட் டு சீ’. ஐஸ்லாந்து மொழியில் இன்றும் ‘கெட்டா’ என்றால் ‘முடியும்’. கையில் கிடைப்பது, நேர்வது, வாய்ப்பது, இயல்வது என்று ஒரு வினை நகர்வது மனித மொழிகளில் தனித்தனியாக நடக்கும் காரியம். ‘கெட்’டுக்கு இரத்த உறவு ‘ப்ராந்த்ர்’, சாயல் ‘கிட்டு’, நடத்தை ‘பெறு’. மூன்றும் மூன்று விஷயம்.

பேச்சுத்தமிழ் ‘வாங்கு’வையும் மறக்க வேண்டாம். கடையில் அரிசி வாங்கினான், அப்பாவிடம் காசு வாங்கினான், வாத்தியாரிடம் அடி வாங்கினான். ‘ஐ காட் எ புக்’ என்றால் விலைக்கா, இனாமா என்று ‘கெட்’ சொல்லாததுபோல் ‘வாங்கு’வும் சொல்லாது. ‘அடி வாங்கினான்’ கிட்டத்தட்ட ‘காட் பீட்டன்’. நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு ‘பெறு’வைவிட ‘வாங்கு’வை வைத்துத் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

ஆங்கிலத்துக்குள் பொருள் விரிந்த வரிசை ஓரளவு தெளிவாகத் தெரிகிறது. முதலில் பொருளை அடைவது. 14ஆம் நூற்றாண்டுக்குள் இடத்தை அடைவது, அதாவது போய்ச் சேர்வது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலையை அடைவது: ஈரமாவது, கிழவனாவது. ஏறக்குறைய அதே காலத்தில் ‘ஹேவ் காட்’ என்பது ‘வைத்திருக்கிறேன்’ என்று ஆகிறது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் செயப்பாட்டு ‘கெட்’. 19ஆம் நூற்றாண்டில் ‘ஹேவ் காட் டு’ என்ற கட்டாயப் பொருள், அந்த நூற்றாண்டின் கடைசியில் ‘ஐ கெட் இட்’, புரிகிறது. சர்ச்சை உள்ள இடமும் உண்டு. செயப்பாட்டு ‘கெட்’ எதிலிருந்து முளைத்தது என்பதில் இரண்டு கட்சி. ‘காட் வெட்’ மாதிரியான பெயரடை அமைப்பிலிருந்து என்பது ஒன்று, ‘காட் ஹிம்செல்ஃப் அரெஸ்டட்’ மாதிரி தன்னையே மாட்டவைத்துக்கொள்ளும் அமைப்பிலிருந்து என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. ‘ஐ கெட் இட்’ பழைய ‘ஒன்யெட்டன்’னின் வாரிசு என்று சிலர் எழுதுவது மட்டும் ஏற்கத்தக்கதல்ல. நடுவில் பல நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. ‘பிடி’ எங்கே இருந்தாலும் ‘மனதால் பிடி’ என்று விரிவது மறுபடி மறுபடி நடக்கும்.

இனி பயன்பாடு. உருப்போடுவதற்கு முன் ஒரு சோதனை சொல்லித்தருகிறேன். ‘கெட்’ வரும் வாக்கியத்தைப் பார்த்ததும், அந்தச் செயல் முடிந்தபின் என்ன நிலை என்று கேளுங்கள். விடை ‘ஹேவ்’ அல்லது ‘பி’ வினையில் வரும். ‘ஐ காட் எ ஃபீவர்’. முடிவில் ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’. ‘ஐ காட் வெட்’. முடிவில் ‘ஐ ஆம் வெட்’. ‘ஷி காட் மேரீட்’. ‘ஷி இஸ் மேரீட்’. ‘வி காட் டு பாண்டி’. ‘வி ஆர் இன் பாண்டி’. ‘கெட் அப்’ என்றால் ‘அப்’ என்ற நிலைக்கு வா. ‘கெட் லாஸ்ட்’ என்று விரட்டுவதுகூட, தொலைந்தவன் என்ற நிலைக்குப் போ. ஆக ‘ஹேவ்’, ‘பி’ இரண்டும் நிலையைச் சொல்கின்றன, அந்த நிலைக்குள் நுழையும் கணத்தைச் சொல்வது ‘கெட்’. ஒரு மாணவியின் நாளையே எழுதிப் பார்க்கலாம்: ஆறு மணிக்கு ‘காட் அப்’, ‘காட் ரெடி’, கடலூரில் ‘காட் த பஸ்’, ரெட்டிச்சாவடியில் மழை, ‘காட் வெட்’, எட்டு மணிக்கு ‘காட் டு ஸ்கூல்’, தாமதத்துக்காக ‘காட் ஸ்கோல்டட்’. ஆறிலும் சோதனை நிற்கும்.

நிற்காத முக்கியமான இடம் ‘ஐ ஹேவ் காட் எ பென்’. இது ‘பேனா கிடைத்துவிட்டது’ என்றுதான் ஒருகாலத்தில் பொருள்பட்டது. கிடைத்துவிட்டால் இருக்கிறதுதானே, அதனால் ‘இருக்கிறது’ என்றே ஆகிவிட்டது. குடை இருக்கிறதா என்றால் ‘வாங்கி வெச்சிருக்கேன்’ என்கிறோமே, அந்த மாதிரி. இங்கே ‘காட்’ நிலையாகிவிட்டது, நுழைவு இல்லை. அமெரிக்கர்கள் இதைத் தெளிவாகப் பிரிக்கிறார்கள்: ‘ஐ ஹேவ் காட் எ கார்’ என்றால் கார் இருக்கிறது, ‘ஐ ஹேவ் காட்டன் எ கார்’ என்றால் கார் வாங்கியிருக்கிறேன். ‘காட்டன்’ தப்பு என்று நம் ஊரில் அடித்துத் திருத்துவார்கள். அது பிழை அல்ல, பழைய வடிவம். பிரிட்டனில் தனியாக நிற்பது போய்விட்டது, ‘ஃபர்காட்டன்’, ‘இல்-காட்டன்’ ஆகியவற்றில் மட்டும் ஒட்டியிருக்கிறது. நம் பாடத்திட்டம் பிரிட்டிஷ் வழி என்பதால் தேர்வில் ‘காட்’ என்று எழுதுவதே பாதுகாப்பு.

தமிழ் பேசுகிறவர்கள் தவறும் இடங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ‘டிட்’ வந்தபின் ‘காட்’ போடுவது முதலாவது. ‘ஐ டிடின்ட் காட்’ தவறு, இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்கெனவே சொல்லிவிட்டது, பிறகு ‘கெட்’ தான். ‘மேரீட்’ பின்னால் ‘வித்’ போடுவது இன்னொன்று. ‘உடன்’ என்று தமிழில் நினைப்பதால் வருகிறது, ஆங்கிலத்துக்கு ‘டு’ வேண்டும். இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது பிறரைக்கொண்டு செய்விப்பது. ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்று தமிழில் சொன்னால் சலூன்காரர் வெட்டினார் என்று எல்லோருக்கும் தெரியும். அதை ‘ஐ கட் மை ஹேர்’ என்று சொன்னால் நீங்களே கத்தரிக்கோலை எடுத்த மாதிரி ஆகிவிடும். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்பதே சரி. வரிசை மாறக் கூடாது: ‘காட்’, பிறகு பொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம். வண்டியை மெக்கானிக்கிடம் விட்டாலும் அப்படித்தான், ‘ஐ காட் த பைக் ரிப்பேர்ட்’. ‘ஐ காட் ரிப்பேர்ட் த பைக்’ என்று பொருளைப் பின்னுக்குத் தள்ளினால் வாக்கியம் உடைந்துவிடும். ஆளைச் சொல்ல வேண்டுமானால் ‘டு’ வரும்: ‘ஐ காட் ஹிம் டு கம்’. அதே இடத்தில் ‘மேட்’ அல்லது ‘ஹேட்’ போட்டால் ‘டு’ வராது. தொனியும் வேறு. ‘மேட்’ என்றால் கட்டாயப்படுத்தினேன், ‘காட்’ என்றால் பேசிச் சம்மதிக்கவைத்தேன், கொஞ்சம் பாடுபட்டேன் என்ற சாயல்.

‘காட் டு’ இரண்டு வகை என்பதையும் பிரித்துப் பழக வேண்டும். ‘ஐ காட் டு மீட் த கலெக்டர்’ என்றால் சந்திக்கும் வாய்ப்பு கிடைத்தது. முன்னால் ‘ஹேவ்’ சேர்ந்து ‘ஐ ஹேவ் காட் டு மீட் த கலெக்டர்’ என்றால் சந்தித்தே ஆக வேண்டும். ஒன்று பேறு, மற்றொன்று கட்டாயம்.

பேருந்தில் ஏறுவது ‘கெட் ஆன்’, காரிலும் ஆட்டோவிலும் ஏறுவது ‘கெட் இன்’. எழுந்து நிற்க, நடமாட இடமிருக்கும் பேருந்து, ரயில், கப்பல் எல்லாம் ‘ஆன்’. சைக்கிளும் குதிரையும் மேலே ஏறி உட்காருவதால் அவையும் ‘ஆன்’. குனிந்து உள்ளே நுழைய வேண்டியவை ‘இன்’. இறங்குவதற்கு முறையே ‘கெட் ஆஃப்’, ‘கெட் அவுட் ஆஃப்’. கடலூர் பேருந்துகளில் எல்லோரும் சொல்லும் ‘கெட் டவுன்’ இந்திய ஆங்கிலம். இங்கே யாருக்கும் புரியாமல் போகாது, பேச்சில் அதை நான் திருத்த மாட்டேன். ஆனால் ஒரு பிரிட்டிஷ்காரருக்கு ‘கெட் டவுன்’ என்றால் ஏணியிலிருந்தோ மரத்திலிருந்தோ இறங்கு என்றுதான் முதலில் தோன்றும். தேர்வுத்தாளில் ‘கெட் ஆஃப்’ எழுதுவது நல்லது. சினிமாக்காரர்களின் ‘கெட்டப்’ எங்கிருந்து வந்தது என்றால், ‘கெட் அப்’ என்பதற்கு ஏற்பாடு செய், அலங்கரி என்றும் ஒரு பொருள் உண்டு. வேடம் என்ற பெயர்ச்சொல் அதிலிருந்து ஆங்கிலத்திலேயே பிறந்தது, நம் ஊர்க் கண்டுபிடிப்பு அல்ல.

‘கெட்’டை எழுத்தில் பயன்படுத்தாதே என்று சொல்லும் ஆசிரியர்களிடம் பாதி நியாயம் இருக்கிறது. 1066இல் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் சட்டமும் நிர்வாகமும் நீண்டகாலம் பிரெஞ்சில் நடந்தன. அதனால் ஆங்கிலத்தில் பல செயல்களுக்கு வீட்டுச் சொல் ஒன்று, அலுவலகச் சொல் ஒன்று. ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’ இரண்டும் பிரெஞ்சு வழி வந்தவை. ‘ரெசெவ்வார்’, ‘ஒப்தெனீர்’ என்று உங்கள் மகள் படித்திருப்பாள். மனு, அலுவலகக் கடிதம், கட்டுரை இவற்றில் ‘ஐ ரிசீவ்ட் யுவர் லெட்டர்’ என்று எழுதுங்கள். தோழிக்கு எழுதும் கடிதம், உரையாடல், கதை இவற்றில் ‘ஐ காட் யுவர் லெட்டர்’ தான் இயல்பு. அங்கே ‘ரிசீவ்ட்’ போட்டால் தபால்துறை அறிவிப்பு மாதிரி இருக்கும். ‘கெட் மேரீட்’, ‘கெட் லாஸ்ட்’, ‘கெட் அப்’ போன்றவற்றை மாற்ற முயலவே வேண்டாம், நல்ல மாற்று கிடையாது.

எத்தனை பொருள் என்று எண்ணுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ 430 பொருளோடு முதலிடத்தில் இருந்தது. புதிய திருத்தத்தில் ‘ரன்’ 645 என்று 2011இல் செய்தி வந்தது. தொகுப்பவர் எவ்வளவு நுணுக்கமாக வெட்டுகிறாரோ அவ்வளவு பொருள். மேலே சொன்ன சோதனையைப் பழக, பாடப்புத்தகத்திலிருந்தே ‘கெட்’ வரும் இருபது வாக்கியங்களை எடுத்து, ஒவ்வொன்றின் அருகிலும் முடிவுநிலையை ‘ஹேவ்’விலோ ‘பி’யிலோ எழுதச் சொல்லுங்கள். ஒத்துவராதவற்றைத் தனியே ஒதுக்கி, அவற்றை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்.

கடைசி வாக்கியம்: ‘ஐ ஹேவ் காட் டு கெட் கோயிங்’. ‘ஹேவ் காட் டு’ மூன்றும் சேர்ந்து ஒரே உறுப்பு, பொருள் ‘வேண்டும்’. அடுத்த ‘கெட்’ நுழைவைச் சொல்கிறது, ‘கோயிங்’ நுழையும் நிலை. ‘நான் கிளம்பணும்’. பேச்சில் ‘ஹேவ்’ தேய்ந்து ‘வ்’ மட்டும் நிற்கும், ‘காட் டு’ சேர்ந்து ‘காட்ட’ என்று ஒலிக்கும். எழுதும்போது இரண்டையும் விரித்தே எழுத வேண்டும். இறந்தகாலத்தில் இந்த அமைப்பு மாறிவிடும்: ‘ஐ ஹேட் காட் டு’ என்று யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை, ‘ஐ ஹேட் டு கெட் கோயிங்’ தான். எதிர்மறையில் ‘ஐ டோன்ட் ஹேவ் டு’ என்றால் போக வேண்டிய அவசியமில்லை என்று பொருள். போகக் கூடாது என்பதற்கு ‘மஸ்ட் நாட்’.